நாற்காலிக்கு அஞ்சும் பிள்ளைகள்

பல் மருத்துவத்தின் சிறப்புத் துறைகளுள் பெரும்பாலானவை உறுப்பையோ செய்முறையையோ கொண்டு எல்லை வகுத்துக்கொண்டவை. ஈறு நோய்க்கு ஒரு துறை, வேர் சிகிச்சைக்கு ஒரு துறை, பல் வரிசைச் சீரமைப்புக்கு ஒரு துறை, செயற்கைப் பல்லுக்கு ஒரு துறை என்று அவை பிரிந்து நிற்க, குழந்தைகள் பல் மருத்துவம் மட்டும் நோயாளியின் வயதைக் கொண்டு தன் எல்லையை வகுத்திருக்கிறது. சொத்தையை அடைப்பது, சீழ் கட்டிய பால்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வது, விளையாட்டில் உடைந்த முன்பல்லைக் காப்பது, முளைத்துவரும் பற்களின் வரிசையைக் கண்காணிப்பது என எல்லாம் இந்த ஒரே துறையின் பொறுப்பில் வருகின்றன. ஆயினும் இத்துறையில் பேராசிரியராக வாழ்நாளைச் செலவிட்டவர்களின் ஆய்வுப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால், பல்லைப் பற்றிய கட்டுரைகளுக்கு இணையாக அச்சத்தைப் பற்றிய கட்டுரைகளும் நிறைந்திருப்பதைக் காணலாம். வேலை முடியும்வரை வாயைத் திறந்து வைத்திருக்க ஒப்பாத பிள்ளைக்கு எவ்வளவு தேர்ந்த கையாலும் ஒன்றும் செய்ய இயலாது என்பதே அதற்குக் காரணம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, சிகிச்சை பெறாத பால்பல் சொத்தையுடன் வாழும் குழந்தைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ 51 கோடியே 40 லட்சம் என்று மதிப்பிடுகிறது. வறுமை, தொலைவு, மருத்துவர் பற்றாக்குறை, ‘விழப்போகிற பல்தானே’ என்ற வீட்டாரின் அலட்சியம் ஆகியவை இதற்குக் காரணங்களாக இருக்கும்போதே, மருத்துவமனை வாசல்வரை வந்துவிட்ட பிள்ளையையும் திருப்பி அனுப்பும் வல்லமை அச்சத்துக்கு உண்டு. பயந்த பிள்ளை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்ட சொத்தை நரம்பைத் தொடுகிறது. இரவெல்லாம் வலித்த பின் அவசரமாகப் பல்லைப் பிடுங்க நேர்கிறது. அந்த அனுபவம் பழைய பயத்தை உறுதிப்படுத்துகிறது. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் பெர்கிரென் இந்தச் சுழலை 1984-இல் விரித்து எழுதியபின், அச்சம் என்பது சிகிச்சைக்கு வெளியே நிற்கும் தொல்லை என்ற நிலை மாறி, அதுவே சிகிச்சை தேவைப்படும் ஒன்று என்ற பார்வை வலுப்பெற்றது.

அடக்குவதா, அறிவதா?

தொடக்ககாலத்தில் இத்துறை கேட்ட கேள்வி, பிள்ளையை எப்படி அடக்குவது என்பதாகவே இருந்தது. அழும் பிள்ளையின் வாயைக் கையால் மூடி, ‘அழுகையை நிறுத்தினால் கையை எடுக்கிறேன்’ என்று காதருகே சொல்லும் முறை 1920-களிலேயே அமெரிக்க நூல்களில் இடம்பெற்றுவிட்டது. கல்லூரிகளில் பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்ட இம்முறையை அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கியது 2006-இல்தான். அச்சத்தை அளக்கும் கேள்வித்தாள்களும் அதைத் தணிக்கும் உளவியல் முறைகளும் பல பத்தாண்டுகளாகக் கைவசம் இருந்தும், வாயைப் பொத்தும் பழக்கம் இருபத்தோராம் நூற்றாண்டுவரை ஏட்டில் நின்றது இத்துறையின் வரலாற்றில் பெருமைக்குரிய செய்தி ஆகாது.

மாற்றத்தின் முதல் அடையாளம் 1959-இல் ஹெரால்ட் அடெல்ஸ்டன் வகுத்த ‘சொல், காட்டு, செய்’ என்ற மூன்று படி முறை. செய்யப்போவதைப் பிள்ளையின் வயதுக்கேற்ற சொற்களில் முதலில் சொல்வதும், பிறகு அதையே வாய்க்கு வெளியே காட்டுவதும், காட்டியதிலிருந்து சிறிதும் மாறாமல் வாய்க்குள் செய்வதும் இதன் படிகள். சுழலும் தூரிகையைப் பிள்ளையின் விரல் நகத்தின்மீது ஓடவிட்டுக் கூச்சத்தைச் சிரிப்பாக மாற்றுவது, ஏரோட்டார் எனப்படும் துளைக்கும் கருவியின் நீர்த்தூவலை உள்ளங்கையில் பீய்ச்சிக் காட்டுவது, எச்சில் உறிஞ்சும் குழாயைக் கொண்டு ஒரு குவளைத் தண்ணீரை உறிஞ்சிக் காட்டுவது ஆகியவை இன்றும் எந்தக் கல்லூரியின் புறநோயாளர் பிரிவிலும் காணக்கிடைப்பவை. நிமிடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் ஏரோட்டாரின் கீச்சொலி பெரியவர்களையே கூசவைப்பது. அதை வாயில் வைக்குமுன் கையில் உணர்ந்த பிள்ளைக்கு அந்த ஒலி அறிமுகமான ஒன்றாகிவிடுகிறது. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக அணுகி, உடல் தளர்ந்த நிலையிலேயே அதைப் பழக்கப்படுத்தும் உளவியல் சிகிச்சையை ஜோசஃப் வோல்ப்பி 1958-இல் நூலாக்கியிருந்ததையும், அடுத்த ஆண்டே அதையொத்த முறை பல் மருத்துவத்தில் எழுத்துவடிவம் பெற்றதையும் சேர்த்துப் பார்க்கையில், அக்காலச் சிந்தனையின் போக்கு விளங்கும்.

1962-இல் ஃபிராங்க்கல், ஷியர், ஃபோகல்ஸ் என்ற மூவர், சிகிச்சை அறைக்குள் தாய் உடனிருக்கலாமா என்ற கேள்வியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். நாற்பத்தொன்று முதல் நாற்பத்தொன்பது மாதம்வரையிலான பிள்ளைகளுக்குத் தாய் அருகிலிருப்பது துணைசெய்கிறது, அதற்கு மேற்பட்ட வயதில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த ஆய்வுக்காக அவர்கள் உருவாக்கிக்கொண்ட நான்கு படி அளவுகோல், ஆய்வின் முடிவைவிடப் புகழ்பெற்றுவிட்டது. முற்றிலும் மறுப்பது, மறுப்பது, ஒத்துழைப்பது, முழுமனத்தோடு ஒத்துழைப்பது என்ற அந்த நான்கில் ஒன்றைப் பிள்ளையின் சிகிச்சைக் குறிப்பில் எழுதிவைக்கும் வழக்கம் இந்தியாவிலும் நிலைபெற்றிருக்கிறது.

அளக்க முடியாததை அளப்பது

ஒத்துழைப்பைக் கண்ணால் பார்த்து எழுதலாம். அச்சத்தை அவ்வாறு எழுத முடியாது. இங்கேதான் பல் மருத்துவப் பேராசிரியர்கள் உளவியலாளர்களின் கதவைத் தட்டவேண்டி வந்தது. நார்மன் கோரா என்ற அமெரிக்க உளவியலாளர் 1969-இல் நான்கே கேள்விகள் கொண்ட பல் அச்ச அளவுகோலை வெளியிட்டார். நாளை பல் மருத்துவரிடம் போகவேண்டியிருந்தால் எப்படி உணர்வீர்கள், காத்திருப்பு அறையில் எப்படி, துளைக்கும் கருவியை மருத்துவர் கையிலெடுக்கும்போது எப்படி, பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யவிருக்கையில் எப்படி என்பவையே அந்த நான்கும். மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் பற்றிய கேள்வி அதில் இல்லாத குறையை, ஐந்தாவது கேள்வியைச் சேர்த்து 1995-இல் ஜெரி ஹம்ஃப்ரிஸ் தீர்த்தார். குழந்தைகளுக்கெனத் தனியாகக் கத்பர்ட், மெலமெட் இருவரும் 1982-இல் அமைத்த கேள்வித்தாளில் பதினைந்து இனங்கள் உள்ளன. ஊசி, துளைக்கும் ஒலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு, அறிமுகமில்லாதவர் தொடுவதும் வெள்ளை உடை அணிந்தவர்களும் அப்பட்டியலில் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. பிள்ளை அஞ்சுவது பல் சிகிச்சைக்கு மட்டும் அன்று என்பதை அந்த இரண்டு இனங்களே சொல்லிவிடுகின்றன. எழுத்தறியாத வயதினருக்காக, மகிழ்ச்சி முதல் மிகுந்த வருத்தம்வரை ஐந்து முகங்களை வரிசையாக வரைந்து, தன் மனநிலைக்கு ஒத்ததை விரல் வைத்துக் காட்டச்செய்யும் அளவுகோல் 2002-இல் வந்தது.

இந்தக் கருவிகள் கொடுத்த விளைச்சலுள் மிக முக்கியமானது, சுவீடனின் குனில்லா கிளிங்பெர்க் தம் முனைவர் பட்ட ஆய்வில் 1995-இல் கண்டறிந்த ஒன்று. அச்சமுள்ள பிள்ளைகளுள் 61 விழுக்காட்டினரே நாற்காலியில் முரண்டுபிடித்தனர். முரண்டுபிடித்த பிள்ளைகளுள் 27 விழுக்காட்டினரிடம் மட்டுமே பல் சிகிச்சை அச்சம் காணப்பட்டது. எனவே அழுது அடம்பிடிக்கும் பிள்ளைகளில் பலர் பயந்தவர்கள் அல்லர் என்பதோடு, அசையாமல் வாயைத் திறந்திருக்கும் பிள்ளைகளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவர்களும் உண்டு என்பது உறுதியாயிற்று. ‘சமத்துப் பிள்ளை, சத்தமே போடவில்லை’ என்று மருத்துவரும் தாயும் மெச்சிக்கொள்ளும் அந்தப் பிள்ளைதான், வளர்ந்து தன் முடிவைத் தானே எடுக்கும் வயது வந்ததும், பல் மருத்துவமனைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவராக மாறக்கூடும். கிளிங்பெர்க்கும் பிரோபெர்க்கும் 2007-இல் எழுதிய மீளாய்வு, பல் அச்சத்தின் பரவலையும் முரண்டுபிடித்தலின் பரவலையும் தனித்தனியே ஏறத்தாழ 9 விழுக்காடு என்று கணித்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக அமைந்ததால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுவதற்கு இடமுண்டு. 1995-இன் ஆய்வு அந்த மயக்கத்தைத் தடுக்கிறது.

அச்சம் முளைக்கும் வழிகளை ஸ்டான்லி ராக்மன் 1977-இல் மூன்றாகப் பிரித்தார். தானே வலியை அனுபவித்துக் கற்பது ஒன்று. பிறர் அஞ்சுவதைப் பார்த்துக் கற்பது மற்றொன்று. சொல்லக்கேட்டுக் கற்பது மூன்றாவது. தமிழ் வீடுகளில் மூன்றாவது வழிக்குப் பஞ்சமே இல்லை. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம் ‘டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று மிரட்டும் வழக்கம், மருத்துவரைப் பார்க்குமுன்பே அவரைத் தண்டனை தருபவராக ஆக்கிவைத்துவிடுகிறது. பிறகு பல் வலிக்காக அதே மருத்துவரிடம் அழைத்துப்போகையில் ‘ஒன்றும் செய்யமாட்டார், சும்மா பார்ப்பார்’ என்று சொல்லப்படும் பொய், உள்ளே ஊசி வெளிப்படும் நொடியில் மருத்துவர்மீதும் பெற்றோர்மீதும் இருந்த நம்பிக்கையை ஒருசேரக் கெடுக்கிறது. இதற்கு மறுபக்கமும் ஆய்வில் உண்டு. வலிமிகுந்த சிகிச்சைக்கு முன்பே வலியில்லாத வருகைகள் சில அமைந்துவிட்டவர்களிடம் அச்சம் எளிதில் வேர்பிடிப்பதில்லை என்பதை கிரஹாம் டேவி 1989-இல் எடுத்துக்காட்டினார். ஒரு வயது நிறைவதற்குள் முதல் வருகை நிகழவேண்டும் என்று குழந்தைகள் பல் மருத்துவர்கள் வற்புறுத்துவது சொத்தையைத் தடுக்கும் நோக்கத்தால் என்றாலும், அன்று எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தாயின் மடியிலேயே வைத்துப் பல்லைப் பார்த்து அனுப்புவதில் இந்தப் பயனும் சேர்ந்துகொள்கிறது.

ஊசியின் ஒரு நிமிடம்

துறையின் நுட்பமெல்லாம் ஓரிடத்தில் குவிவதைக் காண வேண்டுமானால், மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் தேர்ந்த கை எப்படிப் போடுகிறது என்பதைக் கவனித்தால் போதும். குத்தப்போகும் இடத்தின் ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருப்பது முதற்படி. நெருக்கடி மிகுந்த புறநோயாளர் பிரிவில் முதலில் கைவிடப்படுவது இந்தக் காத்திருப்புதான் என்பதால், களிம்பு பயனற்றது என்ற தவறான பெயர் அதற்கு ஏற்பட்டிருக்கிறது. உதவியாளர் ஊசியைப் பிள்ளையின் கண்ணில் படாதவாறு தாடைக்குக் கீழாக நீட்ட, மருத்துவர் அதை வாங்கிக்கொண்டே பேச்சைத் தொடர்கிறார். கன்னத்தை இழுத்துப்பிடித்து லேசாக அசைக்கும்போது அந்த அசைவின் உணர்வு குத்தும் உணர்வை மங்கச்செய்கிறது. தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பிழைகள் வலியின் செய்திக்குத் தண்டுவடத்திலேயே வாயிலை அடைத்துவிடும் என்று மெல்சாக், வால் இருவரும் 1965-இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு விளக்கம் தருகிறது. மருந்தை நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் அளவுக்கு மிகாமல் மெல்லச் செலுத்தவேண்டும். வலியில் பெரும்பகுதி ஊசிமுனையால் விளைவதன்று, திசுவுக்குள் மருந்து வேகமாகப் புகும் அழுத்தத்தால் விளைவது. இவ்வளவும் முடிந்த பின், மரத்துப்போன உதட்டைப் பிள்ளை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் என்பதைத் தாயிடம் சொல்லி அனுப்பவும் மறக்கக்கூடாது. மறுநாள் வீங்கிய உதட்டோடு வரும் பிள்ளைக்குச் சிகிச்சை எவ்வளவு சரியாக நடந்திருந்தாலும் மிஞ்சுவது கெட்ட நினைவுதான்.

சொற்களால் தீராத அச்சத்துக்கு மருந்துகள் உள்ளன. 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தம் பல்லையே பிடுங்கச் செய்து சோதித்துப்பார்த்த நைட்ரஸ் ஆக்சைடு, இன்று ஆக்சிஜனோடு கலந்து மூக்குக் கவசத்தின் வழியே தரப்படுகிறது. பிள்ளை விழித்தபடியே, பேசுவதைக் கேட்டபடியே தளர்ந்திருக்கும். வாய்வழி தரும் மிடாசோலம், அதற்கும் அடங்காதபோது மருத்துவமனையில் முழு மயக்கம் என்று படிகள் உயர்கின்றன. மேலே செல்லச் செல்லச் செலவும் ஆபத்தும் கூடுகின்றன; பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாமலேயே சிகிச்சை முடிந்துவிடுகிறது என்ற குறையும் உண்டு.

டண்டீயில் மாறிய கேள்வி

அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் ஊசியையும் துளைத்தலையும் மாறாதவையாக வைத்துக்கொண்டு, அவற்றைப் பிள்ளை ஏற்கச் செய்வது எப்படி என்றே ஆராய்ந்தனர். அவை இரண்டும் தேவைதானா என்ற கேள்வி பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை. ஸ்காட்லாந்தில் பொதுப் பல் மருத்துவராகப் பணியாற்றிய நோர்னா ஹால் என்ற பெண்மணி, பால் கடைவாய்ப்பற்களில் இருந்த சொத்தையைச் சுரண்டாமலும், ஊசி போடாமலும், பல்லைச் செதுக்காமலும், ஆயத்தமாகக் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கிரவுனைச் சிமெண்ட் நிரப்பி அப்படியே பல்மீது பொருத்தி, பிள்ளையையே கடித்து அழுத்தச் செய்துவந்தார். நம் ஊரில் ‘கேப்’ என்று வழங்கும் இந்த உறை 1950 முதலே புழக்கத்தில் இருந்ததுதான். ஆனால் சொத்தையை முழுதும் நீக்கிய பிறகே உறை போடவேண்டும் என்பது பாடநூல் விதி. நல்ல பல் மருத்துவர் எவரும் செய்யத் துணியாத செயல் என்று அன்றைய பேராசிரியர்கள் இதைப் புறந்தள்ளியிருக்க எல்லா நியாயமும் இருந்தது.

புறந்தள்ளாமல் போனதற்குக் காரணம், அவர் 1988 முதல் ஒவ்வொரு பல்லுக்கும் எழுதிவைத்த குறிப்புகள். டண்டீ பல்கலைக்கழகத்தின் நிக்கோலா இன்னஸ், டாஃபிட் எவன்ஸ் ஆகியோர் ஏறத்தாழ ஆயிரம் கிரவுன்களின் கதையைச் சொன்ன அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து, ஹாலையும் உடன் ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டு, 2006-இல் வெளியிட்டனர். பழைய குறிப்புகளை மட்டும் நம்புவது அறிவியலாகாது என்பதால், 132 பிள்ளைகளைக் கொண்டு முறையான ஒப்பீட்டு ஆய்வும் நடத்தினர். ஒரே பிள்ளையின் வாயில் ஒரு பல்லுக்கு ஹால் முறை, மற்றொரு பல்லுக்கு வழக்கமான ஃபில்லிங் என்று குலுக்கல் முறையில் தேர்ந்து, பல்கலைக்கழகத்தில் அல்லாமல் பொதுப் பல் மருத்துவர்களின் கிளினிக்குகளிலேயே அது நடைபெற்றது. ஐந்தாண்டு முடிவில், சீழ் கட்டுதல் போன்ற பெருந்தோல்வி ஹால் முறையில் 3 விழுக்காடு. ஃபில்லிங் முறையில் 16.5 விழுக்காடு. ஃபில்லிங் விழுந்துவிடுதல் போன்ற சிறுதோல்விகளில் வேறுபாடு இன்னும் பெரியது: 5-க்கு 42. எது பிடித்திருந்தது என்று கேட்டபோது, விருப்பம் தெரிவித்த பிள்ளைகளில் 77 விழுக்காட்டினரும் பெற்றோரில் 83 விழுக்காட்டினரும் ஹால் முறையையே சொன்னார்கள்.

வெற்றிக்கான விளக்கம் நுண்ணுயிரியலில் இருக்கிறது. சொத்தையை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வாயிலிருந்து வரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நம்பியே வாழ்கின்றன. சிமெண்டும் உறையும் காற்றுப்புகாமல் மூடியதும் உணவு அறுபட்டு அவற்றின் செயல் முடங்க, பல்லின் உள்ளிருக்கும் நரம்புத் திசு தன்னைக் காத்துக்கொள்ளப் போதிய அவகாசம் பெறுகிறது. நரம்பு ஏற்கெனவே அழுகிவிட்ட பல்லுக்கு இம்முறை பொருந்தாது. எக்ஸ்ரே எடுத்துத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் மூடிய உறைக்குள்ளேயே சீழ் கட்டும். புதிதாகப் போட்ட உறை சற்று உயர்ந்திருப்பதால் கடிக்கும்போது மேல்வாய்ப்பற்களும் கீழ்வாய்ப்பற்களும் சில வாரங்களுக்குச் சரியாகப் பொருந்தாது, பின் தாமே சரியாகிவிடும் என்பதையும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். வெள்ளிநிறப் பல் தெரிவதை விரும்பாத பெற்றோரும் உண்டு. இவை அனைத்தையும் கழித்தபின்னும், அச்சத்தைத் தணிக்கும் எந்த உளவியல் உத்தியும் செய்யாததை இந்த முறை செய்திருக்கிறது. அஞ்சத்தக்க இரண்டு கருவிகளையும் நாற்காலிக்கருகே கொண்டுவரவே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது.

இதே திசையில் வேறு நாடுகளிலிருந்தும் முயற்சிகள் வந்தன. 1980-களின் நடுவில் டான்சானியாவில் யோ ஃபிரெங்கன் உள்ளிட்டோர், மின்சாரமில்லாத ஊர்களுக்காகக் கைக்கருவியால் மட்டும் மென்மையான சொத்தையைச் சுரண்டிக் கண்ணாடி அயனோமர் சிமெண்டால் அடைக்கும் முறையை வகுத்தனர். வறுமைக்கென்று பிறந்த இம்முறை, துளைக்கும் ஒலி இல்லாததால் அஞ்சும் பிள்ளைகளுக்கும் ஏற்றதாயிற்று. ஜப்பானில் 1970 முதல் விற்பனைக்கு வந்த சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தைமீது தடவினாலே பல நேரங்களில் அது பரவாமல் நின்றுவிடுகிறது. தடவிய இடம் நிலையாகக் கறுத்துப்போவது இதன் குறை. ஒரு துளியும் சிறு தூரிகையும் மட்டுமே தேவைப்படுவது இதன் நிறை. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் இத்திரவத்தையும் கண்ணாடி அயனோமரையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

சிகிச்சையே தேவைப்படாத பிள்ளைக்கு அஞ்சவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்து அரசு ‘சைல்ட்ஸ்மைல்’ என்ற திட்டத்தின்கீழ் மழலையர் பள்ளிகளில் ஆசிரியர் கண்காணிப்பில் அன்றாடம் பல் துலக்கச் செய்தது. தொடக்கப்பள்ளியில் சேரும் பிள்ளைகளுள் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 2003-இல் 45 விழுக்காடாக இருந்து, 2018-இல் 71 விழுக்காடாக உயர்ந்தனர். அந்த நாட்டின் நடத்தை மேலாண்மை வல்லுநர்கள் அனைவரும் சேர்ந்து தணித்த அச்சத்தைவிட இது தவிர்த்த அச்சம் கூடுதலாக இருக்கும் என்று கருத இடமுண்டு.

இதன் பொருள் உளவியல் வீண் என்பதன்று. பத்து வயதைக் கடந்து, நிலையான பல்லில் நரம்பைத் தொட்ட சொத்தையோடு வரும் பிள்ளைக்கு ஊசியைத் தவிர்க்க வழியில்லை. இத்தகையோருக்காக இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் ராட், சோயி மார்ஷ்மன், உளவியலாளர் ஜென்னி பாரிட் ஆகியோரின் குழு, அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் அடிப்படையில் ஒரு தன்னுதவிக் கையேட்டை உருவாக்கியது. எண்ணம், உணர்வு, உடல்நிலை, செயல் ஆகியவை ஒன்றையொன்று தூண்டிவிடும் விதத்தைப் புரியவைத்து, தவறான எண்ணத்தைத் திருத்துவதன் மூலம் மற்றவற்றையும் மாற்றுவதே அந்தச் சிகிச்சைமுறை. ஒன்பது முதல் பதினாறு வயதினருக்கான அக்கையேட்டில், மருத்துவரிடம் நேரில் சொல்லத் தயங்குவதை எழுதிக்கொடுக்க ஒரு தாள் இருக்கிறது. எதற்கு அஞ்சுகிறேன், எதை விளக்கவேண்டும், நிறுத்தச் சொல்ல எந்தச் சைகையைப் பயன்படுத்துவேன் என்பதைப் பிள்ளையே அதில் நிரப்பவேண்டும். பிள்ளை கையை உயர்த்தியதும் மருத்துவர் உண்மையிலேயே நிறுத்தவேண்டும். ‘இதோ முடிந்துவிட்டது’ என்று தொடர்ந்துவிட்டால், அந்தத் தாள் அதோடு செத்தது.

நம் கல்லூரிகள்

இந்தியாவில் இத்துறையில் கல்விப்பணியை நாடுபவர், ஐந்தாண்டு பி.டி.எஸ். படிப்பையும், நீட் தேர்வின் வழியே மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பையும் முடித்து, முதுநிலை விரிவுரையாளராகத் தொடங்கி, ரீடர், பேராசிரியர் என்று உயர்கிறார். இத்துறைக்கான தேசியச் சங்கம் 1979-இல் தோன்றியது; அதன் ஆய்விதழ் 1983 முதல் வெளிவருகிறது. 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ள நாட்டில் நோயாளர் எண்ணிக்கைக்கும் குறைவில்லை. ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் தேடிச் சேர்க்கும் அளவு பிள்ளைகள், இங்கே பெரிய அரசுக் கல்லூரி ஒன்றின் புறநோயாளர் வரிசையில் தாமாகவே வந்து நிற்கின்றனர்.

எனினும் பல் அச்சம் குறித்து இங்கே எழுதப்படும் எம்.டி.எஸ். ஆய்வேடுகளில் பெரும்பகுதி கவனத்தைத் திருப்பும் உத்திகளையே சுற்றிவருகிறது. மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக் கார்ட்டூன் காட்டுவது, கைப்பேசி விளையாட்டைத் தருவது, பாட்டு ஒலிக்கச் செய்வது, ஊசியைப் பொம்மைக்குள் மறைப்பது என ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் விரலில் மாட்டிய கருவியால் நாடித்துடிப்பைக் குறித்து, ஐந்து முகப் படத்தைக் காட்டி, இரு குழுக்களை ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். இவை பயனற்றவை என்று சொல்லிவிட முடியாது; கவனத்தைத் திருப்பினால் அந்த அரைமணி நேரம் எளிதாகக் கழிகிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு தானாக நாற்காலியில் ஏறுமா, பதினைந்து வயதில் பல் மருத்துவரிடம் போகுமா என்ற கேள்விகளுக்கு அதில் விடையில்லை.

மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தலைப்பை முடிவுசெய்து அறநெறிக்குழுவின் ஒப்புதல் பெறுவதற்குள் முதலாண்டு பெரும்பாலும் கழிந்துவிடுகிறது; இறுதித்தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். எஞ்சும் காலத்துக்குள் அடங்கும் ஆய்வையே எவரும் தேர்வார்கள். ஒரு பால் கடைவாய்ப்பல்லின் கதி தெரிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வேண்டும். ஒரு பிள்ளையின் அச்சம் என்னவாகிறது என்று அறிய அதனினும் கூடுதலாக வேண்டும்.

நோர்னா ஹாலிடம் ஆய்வகமோ, நிதிநல்கையோ, முனைவர் பட்ட மாணவர்களோ இல்லை. பல்லாண்டு விடாமல் எழுதிய குறிப்பேடு இருந்தது. அதே வசதி நம் துறைகளுக்கும் எட்டாததன்று. ஒரு கல்லூரியின் துறைத்தலைவர் மனம்வைத்தால், முதல் வருகையில் ஐந்து முகப் படத்தில் பிள்ளை தொட்ட முகத்தையும், செய்த சிகிச்சையையும், பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் பதியும் ஒரே பதிவேட்டைத் தொடங்கி, ஒரு தொகுதி மாணவர் சேர்த்த பிள்ளைகளை அடுத்த தொகுதி மாணவர் மீண்டும் அழைத்துப் பார்க்கவும், அதற்கடுத்தவர் தொடரவும் ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொருவரும் தம் ஆண்டுகளுக்குரிய பகுதியைத் தம் ஆய்வேடாக எழுதிக்கொள்ளலாம். இதற்கு மெய்நிகர்க் கண்ணாடி வாங்கும் செலவுகூட ஆகாது. அடுத்த கல்வியாண்டில் சேரும் எம்.டி.எஸ். தொகுதியிலிருந்தே இதைத் தொடங்கவேண்டும்.